தக்கையை நிறுத்தும் முடிச்சு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று தென்காசியில் எங்கள் தெருவே சொல்லும். எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை கிடையாது. அவர்மேல் குறை இல்லை. யாரையுமே முழுசாக நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை. பால்காரி படியைக் கவிழ்த்து ஊற்றினால் படியின் அடியைப் பார்ப்பேன். யாராவது என்னை வாய் நிறையப் புகழ்ந்தால், இவளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். "ஒனக்குப் போலீசுல வேலை போட்டுக் குடுத்திருக்கணும்ட்டி" என்று என் அம்மா சொல்வாள். அவள் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் போலீசில் இருந்தார்கள். அந்த ரத்தம்தான் என்று நானும் திருப்பிச் சொல்வேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் தங்காமல் போய்விட்டது. இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு முந்தின அந்தக் காலத்தில், பிள்ளை இல்லாத ஆண் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். முதல் பெண்டாட்டியே முன்னால் நின்று தாம்பூலத் தட்டைத் தூக்குவாள். ஊர் அவளைத் தங்கமான மனுஷி என்று சொல்லும். அதற்கப்புறம் அவள் அடுப்படிப் புகையில் இருமிக்கொண்டு கிடப்பாள். எனக்குத் தங்கமாக இஷ்டமில்லை. ஆனால் பயம் இருந்தது. அவர் சட்டை மாட்டும்போதெல்லாம், யாரைப் பார்க்கப் போகிறார் என்று தெருக்கோடிவரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் ஒரு மரக்கடையில் மேற்பார்வை பார்த்தார். செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற தடிகளை இறக்கி, அறுத்து, அடுக்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு விடிவதற்குள் தூண்டில் நூலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வெற்றிலை, பொடி, சீட்டு எதுவும் கிடையாது. மீன்தான் அவருக்குப் பைத்தியம்.

சாதாரணத் தூண்டிலில் தக்கையை நூலோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முழங்கால் தண்ணீருக்கு அது போதும். ஆழத் தண்ணீருக்கு ஆகாது. முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவே அத்தனை நீள நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரால் வீச முடியும்? தலைத்துண்டில் மாட்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்கிற கருவேல மரத்தில் மாட்டும். மரக்கடையில் இருந்த மலையாளத்து மேஸ்திரி ஒருவர் இவருக்கு ஓடுகிற தக்கை ஒன்றைச் செய்து கொடுத்தார். மருந்து பாட்டில் தக்கையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் மயிலிறகுத் தண்டைச் செருகி, அதன் வழியாக நூலைக் கோத்தது. வீசும்போது தக்கை ஈயக்குண்டோடு ஒட்டிக்கொண்டு போகும். தண்ணீரில் விழுந்ததும் குண்டு முள்ளை இழுத்துக்கொண்டு இறங்க, நூல் தக்கைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நூலில் ஓரிடத்தில் வேறு நூலால் ஒரு சின்ன முடிச்சு போட்டிருக்கும். அது வந்து தக்கையில் முட்டியதும் ஓட்டம் நிற்கும். முள் அந்த ஆழத்திலேயே தொங்கும்.

அந்த முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது. எச்சில் தொட்டு நகத்தால் தள்ளினால் நகர வேண்டும். தக்கை முட்டினால் நகரக் கூடாது. அவர் விரல்கள் தடித்தவை, அவருக்கு அது வரவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன். பூக்கட்டுகிற கைப்பழக்கத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுப்பேன். என் அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். நானும் என் தங்கையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தே படித்ததால், எங்கள் சுற்று எல்லோருடைய சுற்றுக்கும் எதிர்ப்பக்கமாகப் போகும். "இதென்னட்டி, ஊரே ஒரு பக்கம் சுத்துது, நீ ஒரு பக்கம் சுத்துத" என்று என் மாமியார் ஆரம்பத்தில் கேலி செய்தார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

முடிச்சு தக்கையின் ஓட்டைக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு மணி வேண்டும் என்றார். இரண்டாவது தடவை உண்டானபோது பிள்ளைக் கைக்கென்று வாங்கிய கருகமணி பெட்டியில் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷம் பங்குனியிலேயே, அவர் மீன் பிடிக்கிற எங்கள் ஊர்க் குளம் வற்ற ஆரம்பித்தது. சித்திரை பாதியில், குளத்தின் நடுவில் எருமைகள் படுத்திருந்தால் முதுகு மட்டுமில்லாமல் பாதி வயிறும் வெளியே தெரிந்தது. அவர் என்னவோ ஞாயிறு தவறாமல் போனார். இருட்டுகிற நேரத்துக்கு மீனோடு வந்தார்.

"எங்கன போனீய?"

"வேற எங்கன? கொளத்துக்குத்தான்."

நூலை அலசிக் கொடியில் காயப்போடுவது என் வேலை. அன்றைக்கு அலசும்போது முடிச்சு நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. கையை விரித்து அளந்தேன். முள்ளிலிருந்து முடிச்சுவரை மூன்று பாகம் இருந்தது. விரித்த இரண்டு கையின் அகலம் ஒரு பாகம். முடிச்சு எங்கே நிற்கிறதோ அவ்வளவுதான் தண்ணீரின் ஆழம் என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். எருமை வயிறு நனையாத குளத்தில் மூன்று பாகம் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மீனையும் மோந்து பார்த்தேன். கோடைக்குளத்து மீனில் சேற்றுவாடை அடிக்கும். சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இந்த விரால் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. குழம்பு நன்றாகவே அமைந்தது. அத்தை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

நேரே கேட்டிருக்கலாம்தான். கையில் பிடி இல்லாமல் கேட்பது எனக்குப் பிடிக்காது. குற்றாலத்திலிருந்து விறகு கொண்டுவருகிற பொம்பளையிடம், சிற்றாற்றில் தண்ணீர் போகிறதா என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். "காலு நனையக் காணும். அருவியே நூலாட்டம் தொங்குது" என்றாள். ஆறு இல்லை, குளம் இல்லை. கோடையில் மூன்று பாகம் தண்ணீர் நிற்கிற இடம் கிணறுதான். அதுவும் நல்ல ஊற்றுள்ள தோட்டத்துக் கிணறு. அப்படிக் கிணறு உள்ளவர்களுக்கு நஞ்சையும் இருக்கும், பெண்ணும் இருக்கும். அந்நிய ஆளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தங்கள் கிணற்றடியில் யார் சும்மா உட்காரவிடுவார்கள்?

அத்தைமேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. அந்தச் சமயம் அவர் அடிக்கடி பண்பொழிக்குப் போய் வந்தார். மலைக்கோயிலில் வேண்டுதல் என்றார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "சாமிட்ட சொன்னத ஒங்கிட்டயும் சொல்லணுமா?" என்பார். அக்கம்பக்கத்துக் கிழவிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால் பேச்சு நின்றுவிடும். பண்பொழியில் பெண் பார்த்துவிட்டார்கள், மகன் வாரம் ஒரு தரம் போய் வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பெண்ணுக்கு முகம்கூட வைத்தாயிற்று. மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை.

ஆனி பிறந்தால் சாரல் விழும், ஆற்றில் தண்ணீர் வரும், குளம் பெருகும். அப்புறம் முடிச்சு எங்கே நின்றாலும் அது சாட்சி ஆகாது. அதற்குள் பிடித்தாக வேண்டும். வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பழைய முடிச்சை வெட்டிவிட்டுப் புது முடிச்சு போட்டேன். முழங்காலளவுத் தண்ணீருக்கு எவ்வளவு வேண்டுமோ அங்கே போட்டு, அரக்கை உருக்கி ஒரு சொட்டு அதன்மேல் விட்டேன். இனி எச்சில் தொட்டாலும் நகராது. குளத்துக்குப் போகிறவருக்கு அது போதும். கிணற்றுக்குப் போகிறவர் என்ன செய்கிறார், பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். இரண்டு விரால். நூலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். என் அரக்கு முடிச்சைக் காணோம். மறுபடியும் மூன்று பாகத்தில், சிவப்பு நூலில் ஒரு முடிச்சு.

வீட்டில் சிவப்பு நூல் வைத்திருந்து ரவிக்கையில் பூப்போடுகிற வயதுப் பெண் ஒருத்தி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்து தூண்டிலை வாங்கி முடிச்சு போட்டுக் கொடுத்திருக்கிறாள். மீன் பிடிக்கத் தெரிந்த மனுஷருக்கு அந்தத் தடயத்தை அழித்துவிட்டு வரத் தெரியவில்லை. சுற்று எத்தனை என்று பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதுதான் கவனித்தேன். சுற்று எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது.

அப்படிச் சுற்றுகிறவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்தான். நான் போடவில்லை. என் அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து, ஊசியில் நூல் கோக்கவே ஆள் வேண்டியிருந்தது. மிச்சம் என் தங்கை. அவளுக்குப் பதினாறு முடிந்து பதினேழு.

கடையத்தில் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சையும் ஒரு தோட்டமும் இருந்தன. தோட்டத்துக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. இத்தனை நாளும் ஊரில் உள்ள கிணறுகளையெல்லாம் நினைத்த எனக்கு, நான் நீச்சல் படித்த கிணறு நினைவுக்கு வரவில்லை. மாமனார் வீட்டுக்கு மாப்பிள்ளை போவதில் மறைக்க என்ன இருக்கிறது? என் அம்மா மாப்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பவே மாட்டாள். முருங்கைக்காயோ வடகமோ ஒரு படி உளுந்தோ, ஏதாவது ஒன்று மூட்டையாக வந்து இறங்கும். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒரு முருங்கைக்காய்கூட வரவில்லை. அப்படியென்றால் மறைத்தது அவர் மட்டும் இல்லை. என்னைப் பெற்றவளும் சேர்ந்துதான் மறைத்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தங்கையை நினைத்தால் கை பரபரத்தது. நான் தலைவாரிப் பின்னிவிட்ட பெண். என் ரவிக்கைகளை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள். இப்போது புருஷனையும் வெட்டித் தைத்துக்கொள்ளப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பியதும், பெரிய கோயிலுக்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கடையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் வரப்பு வழியாக நேரே தோட்டத்துக்கு நடந்தேன்.

அவர் கிணற்று மேட்டில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா புளியமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அம்மா மோர்ச் செம்போடு நின்றாள். தங்கை தூரத்தில் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் இருக்கிற மாதிரி எல்லோரும் அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள். என்னை முதலில் பார்த்தது அம்மாதான். பூ விழுந்த கண்ணுக்கு என் நடை தெரிந்திருக்கிறது.

"ஏட்டி... நீ எங்கன வந்த?"

"மீனு வாங்க வந்தேன். இங்கன நல்ல மீனு கெடைக்குன்னு கேள்விப்பட்டேன்."

அப்பா எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மறுபடி கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துத் தோட்டத்துக் குடிசைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தம் போடாத. ஒனக்கு வேண்டித்தான் செய்யுதோம்."

"எனக்கு வேண்டியா? எந் தங்கச்சியவே எனக்குச் சக்களத்தியாக் குடுக்கது எனக்கு வேண்டியா?"

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒம் மாமியா ஒருத்தியக் கொண்டாரத்தான் செய்வா. வேத்து வீட்டுப் பொண்ணு வந்தா ஒன்னய மூலையில ஒக்கார வச்சிருவா. இவன்னா ஒனக்கு ஒரு வாய் சோறு போடுவா. அவ புள்ளைய ஒம் புள்ளையா வளத்துக்கிடலாம். எங் கண்ணு மூடுதுக்கு முந்தி ஒனக்கு ஒரு வழி பண்ணணும்லா?"

அவள் அழுதாள். பொய் அழுகை இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். இவள் என்னை நினைத்து நினைத்து, தூங்காமல் யோசித்து, என் வீட்டைப் பிரித்துக் கொடுக்கிற முடிவுக்கு வந்திருக்கிறாள். என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் சேறு. நான் அவளைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்.

"நீ சம்மதிச்சியாக்கும்?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னாள். "ஒன்னயப் பாக்க வுடல. லெட்டரு போடவும் ஆளு இல்ல. போன வாரம் அத்தான் நூலுல இருந்த அரக்கச் சொரண்டிக்கிட்டு இருந்தாவ. குடுங்க, நான் கெட்டித் தாரேன்னு வாங்கினேன். வெள்ளை நூலும் வீட்டுல இருந்துச்சுக்கா. நீ பாக்கணும்னுதான் செவப்புல கெட்டுனேன்."

ஒரு வாரமாக நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் ஆள் தெரியாமல் திட்டியது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அதற்கு நேரம் இல்லை என்று தோன்றியது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள், இவர்கள் எல்லோரும் கூடி ஒரு நல்ல வார்த்தை சொல்லி என்னை உட்காரவைப்பதற்குள், காரியத்தை முடித்தாக வேண்டும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். அப்பாவும் தொழுவத்திலிருந்து வெளியே வந்தார். அவருக்கும், பக்கத்து வயலில் மண்வெட்டியோடு நின்ற ஆளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"இந்தாருங்க. இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். அப்பாக்கு ஓடியாடி அலைய முடியாது. மூத்த மருமவன் நீங்கதான் அண்ணன் ஸ்தானத்துல நின்னு பாக்கணும். ஆவணிக்குள்ள முடிக்கணும். என்ன சொல்லுதிய?"

அண்ணன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்தப் பெண்ணை அந்த ஆள் வேறு மாதிரிப் பார்க்க எங்கள் பக்கத்தில் வழி கிடையாது. அம்மா குடிசை வாசலில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கிணற்றில் தக்கை அசையாமல் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நூலைச் சுற்ற ஆரம்பித்தார். முழுதும் சுற்றி முடித்து, முள்ளைத் தக்கையில் குத்தி வைத்துவிட்டு, "சரி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நான் மீனுக்குத்தான் போனேன்" என்றார்.

"மொதத் தடவை மீனுக்குப் போயிருப்பீய" என்றேன்.

அத்தைக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது. "என்னயக் கேக்காம எம் மவனுக்குப் பொண்ணு குடுக்க அவ யாரு?" என்று கடையம் திசையைப் பார்த்து மூன்று நாள் ஏசினார். பண்பொழிக்கு என் வயிற்றில் பிள்ளை தங்க வேண்டுமென்றுதான் படியேறினாராம். அதையும் நான் பாதிதான் நம்பினேன். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு உதவியாக இருந்தது. மகனுக்கு இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவரும் எடுக்கவில்லை.

ஆவணிக்குள் என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சாம்பவர் வடகரைப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம், நல்ல பையன். பந்தல்கால் நட்டதிலிருந்து பந்தி பரிமாறியது வரை அவரே ஓடியாடிச் செய்தார். ஒரு குறை சொல்ல முடியாது. நான் தேடித்தான் பார்த்தேன்.

எனக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. தங்கைக்கு வருஷத்துக்குள்ளேயே ஒரு பையன் பிறந்தான், அப்புறம் இரண்டு பெண்கள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெரியப்பா என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்வார்கள். அவர் பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். இது நம் பிள்ளையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறாரோ? அன்று கிணற்றடியில் 'சரி' என்றாரே, அது விட்டது தொல்லை என்று சொன்னதா, போயிற்றே என்று சொன்னதா? மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தக் குளத்துப் பொய்யைத் தவிர வேறு பொய் சொல்ல வராத மனுஷர் என்பதால்தான், அவர் சாகிறவரை நான் கேட்கவே இல்லை.